ஹப்பிள் தொலைநோக்கி: அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழிமுறை

ஹப்பிள் தொலைநோக்கியை 1990 ஏப்ரல் 24 அன்று டிஸ்கவரி விண்ணோடம் மேலே கொண்டுபோனது. அப்புறம் 1993, 1997, 1999, 2002, 2009 என்று ஐந்து முறை விண்வெளி வீரர்கள் அதைத் தேடிப்போய்ப் பழுது பார்த்தார்கள். மொத்தம் 23 விண்நடைகள். இந்தக் கதையைப் பெரும்பாலும் ஆண்டு வரிசையில்தான் சொல்கிறார்கள். பழுது பார்ப்பவருக்கு ஆண்டு வரிசை உதவாது. அவர் கையில் முதலில் கிடைப்பது ஓர் அறிகுறி மட்டும்தான்: படம் மங்கல், கதவு மூடவில்லை, வர வேண்டிய எண் வரவில்லை. அதனால் இங்கே அறிகுறியிலிருந்தே தொடங்குகிறேன்.

படிக்கும்போது ஒன்றைக் கவனித்துக்கொண்டே வாருங்கள். ஹப்பிளில் பழுதான பெட்டியை எடுத்துவிட்டுப் புதியதைச் செருகும் வேலை பெரும்பாலும் சிக்கலில்லாமல் முடிந்திருக்கிறது. வீரர்களைத் திணறடித்தது அந்தப் பெட்டிக்கு முன்னால் இருந்த ஒரு கதவு, ஒரு போல்ட், ஒரு கைப்பிடி.

கை வைப்பதற்கு முன்

எந்தக் கோளாறு வந்தாலும் தரையில் உட்கார்ந்தபடியே மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். கோளாறு ஒரே கருவியில் தெரிகிறதா, எல்லாக் கருவிகளிலும் தெரிகிறதா? குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் வருகிறதா? மாற்றுப் பாகத்துக்கு மாறினால் போகிறதா? ஹப்பிளில் முக்கியமான மின்னணுச் சுற்றுகள் பலவும் இரண்டு இரண்டாக வைக்கப்பட்டிருப்பதால் மூன்றாவது கேள்விக்குத் தரையிலிருந்தே பதில் கிடைத்துவிடும்.

மேலே போக வேண்டியதுதான் என்று முடிவானால், விண்ணோடங்கள் ஓடிய காலத்தில் ஒரு விண்ணோடம் நெருங்கிப் போய் எந்திரக் கையால் ஹப்பிளைப் பிடித்து, சரக்கு அறையில் உள்ள தாங்கியில் நிமிர்த்தி நிறுத்தும். 13 மீட்டர் நீளம், சுமார் 11 டன். வெளியே மஞ்சள் கைப்பிடிகள் இருக்கும், பிடிமானத்துக்கு அவைதான். பெரும்பாலான போல்ட்டுகளுக்கு 7/16 அங்குல அறுகோணத் தலை என்பதால் ஒரே சாக்கெட் பல இடங்களுக்குப் போதும். கையில் எடுக்கும் ஒவ்வொரு பொருளையும் கயிற்றால் கட்டிக்கொள்ளுங்கள். கைநழுவிய ஸ்குரு தரையில் விழாது, தொலைநோக்கிக்குள்ளேயே போய்விடலாம்.

கையுறையையும் மறக்க வேண்டாம். உடைக்குள் காற்றழுத்தம் இருப்பதால் விரலை மடக்குவதே ஒரு வேலை. ரப்பர் பந்தை மணிக்கணக்கில் அமுக்கிக்கொண்டே இருப்பதுபோல முன்கை கடுக்கும். குளிரும் சேர்ந்துகொள்ளும். 1993 பயணத்துக்கான பயிற்சியில், வெற்றிடக் குளிர் அறைக்குள் விண்வெளி வீரர் ஸ்டோரி மஸ்கிரேவுக்கு விரல்கள் குளிரில் உறைந்து புண்ணாகின. சில மாதங்களில் அதே விரல்களோடுதான் அவர் ஹப்பிளில் வேலை செய்தார்.

அறிகுறி: படம் மங்கல், ஃபோகஸை எப்படி மாற்றினாலும் கூர்மை வரவில்லை

ஹப்பிளுக்கு வந்த முதல் நோய் இது. எல்லோருக்கும் தெரிந்ததும் இதுதான்.

முதல் சோதனை, இரண்டாம் நிலைக் கண்ணாடியை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்ப்பது. வெறும் ஃபோகஸ் பிழை என்றால் ஏதாவது ஓர் இடத்தில் நட்சத்திரம் புள்ளியாகச் சுருங்கிவிடும். 1990 கோடையில் எங்கே நகர்த்தியும் அப்படிச் சுருங்கவில்லை. நடுவில் பிரகாசமான மையம் தெரிந்தது, சுற்றிலும் பெரிய மங்கல் வட்டம் விடாமல் நின்றது. நட்சத்திர ஒளியில் சுமார் 70 சதவீதம் மையத்தில் குவிய வேண்டும். குவிந்ததோ 10 முதல் 15 சதவீதம்தான்.

இரண்டாவது சோதனைக்கு முதல் கேள்வியே போதும். இரண்டு வெவ்வேறு கேமராக்கள் எடுத்த படங்களை ஒப்பிட்டார்கள். இரண்டிலும் ஒரே மங்கல். அப்படியானால் கேமராக்கள் மேல் தப்பில்லை. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது 2.4 மீட்டர் முதன்மைக் கண்ணாடி. கண்ணாடியின் விளிம்பு இருக்க வேண்டியதைவிட சுமார் 2.2 மைக்ரான் தட்டையாகத் தேய்க்கப்பட்டிருந்தது. தலைமுடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்கு. விளிம்பில் பட்ட ஒளி ஓரிடத்திலும் நடுவில் பட்ட ஒளி இன்னோரிடத்திலும் குவிய, படம் முழுவதும் மங்கிப்போனது.

காரணத்தைத் தேடிப்போன விதத்திலும் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. கண்ணாடி தேய்த்த இடத்தில் அதன் வடிவத்தை அளக்கும் ஒளியியல் கருவி ஒன்று இருந்தது. அதன் உள்ளே ஒரு லென்ஸ் 1.3 மி.மீ. தள்ளி உட்கார்ந்திருந்தது. அந்த லென்ஸின் இடத்தைக் குறிக்க ஓர் அளவுகோல் தண்டு வைத்திருந்தார்கள். தண்டின் முனையில் பட்டுத் திரும்பும் ஒளியைக் கொண்டு தூரம் அளக்க வேண்டும். முனையைச் சுற்றியிருந்த மூடியில் ஒளி பட்டுத் திரும்பாமல் இருக்கப் பூச்சு பூசியிருந்தது. அந்தப் பூச்சில் ஒரு சின்ன இடம் பெயர்ந்து உலோகம் பளிச்சென்று தெரிந்தது. ஒளி தண்டின் முனைக்குப் பதிலாக மூடியில் பட்டுத் திரும்பிவிட்டது. லென்ஸைப் ‘சரியான’ இடத்துக்குக் கொண்டுவர வாஷர்களை வைத்துத் தள்ளினார்கள். அதன்பின் அந்தக் கருவி சொன்ன வடிவத்தில் கண்ணாடியை அபாரத் துல்லியத்தோடு தேய்த்தார்கள். வேறு எளிய கருவிகள் பிழை இருப்பதைக் காட்டியபோது, பெரிய கருவிதான் நம்பகமானது என்று அவற்றை ஒதுக்கிவிட்டார்கள். இரண்டு அளவைகள் ஒத்துப்போகாதபோது வேலையை நிறுத்தியிருக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

ஆனால் அதே துல்லியம்தான் ஹப்பிளைக் காப்பாற்றியது. கண்ணாடி கோணல்மாணலாக இருந்திருந்தால் வழியே இருந்திருக்காது. ஒரே சீராகத் தவறியிருந்ததால், அதற்கு நேர் எதிரான தவறுள்ள சின்னக் கண்ணாடிகளை ஒளியின் பாதையில் வைத்தால் போதும். தவறின் அளவைக் கணக்கிடவும் வழி இருந்தது. அந்த அளவைக் கருவி பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது, விசாரணைக் குழு போய் அளந்து பார்த்தது. (பழுதுக்குக் காரணமான சாமானை அவசரப்பட்டுப் பிரித்துப் போடாதீர்கள்.)

நீக்கும் முறை: பெரிய கண்ணாடியைத் தொட வேண்டாம், அதை மேலே மாற்றவும் முடியாது. கேமராவை எடுத்துவிட்டு, திருத்தம் உள்ளேயே பொருத்தப்பட்ட அகலப்புலக் கேமரா 2-ஐ வையுங்கள். மற்றக் கருவிகளுக்குக் காஸ்டார் என்ற டெலிபோன் பூத் அளவுப் பெட்டி. அதிலிருந்து சின்னக் கைகள் நீண்டு, நாணயம் அளவுள்ள கண்ணாடிகளைக் கருவிகளின் முன்னால் நிறுத்தும். ஜெர்மனியில் ஒரு ஹோட்டல் குளியலறையில், கம்பியில் ஏற்றி இறக்கி மடக்கக்கூடிய ஷவரைப் பார்த்தபோது பொறியாளர் ஜேம்ஸ் கிராக்கருக்குத் தோன்றிய யோசனை அது. காஸ்டாருக்கு இடம் வேண்டுமே. அதற்காக அதிவேக ஒளிமானியை எடுத்துவிட்டார்கள். ஒரு கருவியைப் பலி கொடுத்து மற்றவற்றைக் காப்பாற்றிய முடிவு அது.

1993 டிசம்பரில் எண்டெவர் விண்ணோடம் போனது. மூன்றாவது விண்நடையில் ஜெஃப்ரி ஹாஃப்மனும் மஸ்கிரேவும் கேமராவைப் பொருத்தினார்கள். புதிய கேமராவின் முன்னால் ஒரு கண்ணாடி துருத்திக்கொண்டிருக்கும். அதன் உறையைக் கழற்றிய நொடியிலிருந்து உள்ளே தள்ளி முடிக்கும்வரை எதுவும் அதில் பட்டுவிடக் கூடாது. நான்காவது விண்நடையில் கேத்ரின் தார்ன்டனும் டாம் ஏக்கர்ஸும் காஸ்டாரை வைத்தார்கள். 1994 ஜனவரியில் வெளியான படங்களில் நட்சத்திரங்கள் புள்ளிகளாகவே இருந்தன.

அறிகுறி: படம் கூர்மை, ஆனால் சில நேரம் நடுங்குகிறது

நேரத்தைக் குறித்து வையுங்கள். ஹப்பிள் பூமியைச் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றுகிறது. நடுக்கம் நிழலிலிருந்து வெயிலுக்கும் வெயிலிலிருந்து நிழலுக்கும் போகும்போது மட்டும் வந்தால் சோலார் பேனலைச் சந்தேகியுங்கள். முதல் ஜோடி பேனல்கள் பாய்போல் சுருட்டி விரிப்பவை. அவற்றைத் தாங்கிய கம்புகள் சூட்டில் நீண்டு குளிரில் சுருங்கின. அந்த அசைவு தொலைநோக்கி முழுவதையும் ஆட்டியது.

1993-ல் கம்புகளுக்கு வெப்பக் கவசம் போட்ட புதிய ஜோடியை வைத்தார்கள். பழையவற்றைச் சுருட்டித் தரைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது திட்டம். ஒன்று வளைந்துபோயிருந்ததால் சுருளவில்லை. சுருளாத பேனலை வலுக்கட்டாயமாகச் சுருட்டக் கூடாது. எந்திரக் கையின் நுனியில் நின்ற தார்ன்டன் அதைக் கையில் பிடித்தபடி காத்திருந்து, சொன்ன நேரத்தில் மெதுவாக விட்டுவிட்டார். தூக்கி எறியவில்லை, கையைத் திறந்தார், அவ்வளவுதான். விண்ணோடம் உந்துபொறியை இயக்கி விலகியபோது அந்தக் காற்று பட்டுப் பேனல் ஒரு பெரிய பறவைபோல இறக்கை அடித்துக்கொண்டு போனது.

2002-ல் விறைப்பான, அளவில் சிறிய, கூடுதல் மின்சாரம் தரும் பேனல்கள் வந்தன. சுருட்டும் பேனல் இருந்த காலத்துக்கு ஓர் எச்சரிக்கை: 1997-ல் டிஸ்கவரியின் காற்றறையிலிருந்து (வீரர்கள் வெளியே போகும் முன் காற்றை நீக்கும் அறை) வெளியேற்றிய காற்று பட்டே ஹப்பிளின் ஒரு பேனல் சுழன்றுவிட்டது. வெளியே கால் வைக்கும் முன்பே நாம் எதையாவது அசைத்துவிடலாம்.

அறிகுறி: சேஃப் மோடுக்குப் போய்விட்டது, பேனலைச் சூரியனுக்குக் காட்டிக்கொண்டு சும்மா இருக்கிறது

பயப்பட வேண்டாம், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதற்குச் சொல்லிக்கொடுத்த வழி அது. முதலில் கைரோக்களின், அதாவது தொலைநோக்கி எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று அளக்கும் கருவிகளின், எண்களைப் பாருங்கள். ஹப்பிளில் மூன்று பெட்டிகள், பெட்டிக்கு இரண்டு கைரோ, ஆக ஆறு. வழக்கமான ஆய்வுக்கு அப்போது மூன்று வேலை செய்ய வேண்டியிருந்தது. 1999 நவம்பர் 13-ல் நான்காவது கைரோ நின்றபோது மிஞ்சியவை இரண்டுதான். ஆய்வு நின்றது.

கைரோ ஏன் சாகிறது? உள்ளே ஒரு சக்கரம் நிமிடத்துக்கு 19,200 முறை சுற்றுகிறது. அது அடைக்கப்பட்ட உருளை, எண்ணெய்போல் கெட்டியான திரவத்தில் மிதக்கிறது. அந்தத் திரவத்துக்குள் முடியைவிட மெல்லிய கம்பிகள் மின்சாரத்தைக் கொண்டுபோகின்றன. திரவத்தை நிரப்பும்போது அழுத்தத்துக்குக் காற்றைப் பயன்படுத்தியிருந்தார்கள். காற்றிலிருந்த ஆக்சிஜன் திரவத்தில் கலந்து, பல ஆண்டுகளில் கம்பிகளை அரித்துவிட்டது. அப்புறம் காற்றுக்குப் பதில் நைட்ரஜனுக்கு மாறினார்கள்.

நீக்கும் முறை: பெட்டியோடு மாற்றுங்கள், கைரோவைத் தனியாகப் பிரிக்க வேண்டாம். 1999 டிசம்பரில் ஆறையும் மாற்றி, கிறிஸ்துமஸ் நாளில் ஹப்பிளை விடுவித்தார்கள். 2009-ல் மறுபடி ஆறையும் மாற்றப் போனபோது ஒரு புதிய பெட்டி அதன் இடத்தில் உட்காரவே இல்லை. வீரர்கள் மைக் மாசிமினோவும் மைக்கேல் குட்டும் எவ்வளவு முயன்றும் நடக்கவில்லை. கடைசியில், முன்பு ஹப்பிளிலிருந்து இறக்கிக் கொண்டுவந்து புதுப்பித்திருந்த பழைய பெட்டியை வைத்தார்கள். உதிரிக்கும் ஓர் உதிரி எடுத்துப் போக வேண்டும்.

கைரோ சுற்றுகிறது, ஆனால் எண் கன்னாபின்னாவென்று அதிகமாக வருகிறது என்றால் அதைச் செத்தது என்று எழுதிவிடாதீர்கள். 2018 அக்டோபரில் அப்படி ஒரு கைரோ வந்தது. தரையிலிருந்தே அதன் இயக்க நிலைகளை மாற்றி மாற்றிப் போட்டு, தொலைநோக்கியைத் திருப்பி அசைத்து, எண்ணைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்தார்கள்.

அறிகுறி: வேலை முடிந்தது, கதவு மூடவில்லை

1993-ன் முதல் விண்நடை. மஸ்கிரேவும் ஹாஃப்மனும் கைரோ பெட்டிகளை மாற்றி முடித்தார்கள். இரட்டைக் கதவை மூடப் போனால், நான்கு போல்ட்டுகளில் இரண்டு சரியாக உட்காரவில்லை. மேலே சேர்த்தால் கீழே விலகியது, கீழே சேர்த்தால் மேலே விலகியது. சூட்டிலும் குளிரிலும் கதவு சற்று உருமாறியிருக்கலாம் என்று தரையில் கணித்தார்கள்.

இந்தக் கதவை அப்படியே விட முடியாது. திறந்திருந்தால் வெயில் உள்ளே போகும், வெப்பம் வெளியே போகும், நட்சத்திரங்களைப் பார்த்துத் திசை அறியும் கருவிகள் கெட்டுப்போகும். ஓங்கி அடிக்கவும் கூடாது.

அவர்கள் செய்தது இது. லாரியில் சரக்கைக் கட்டி நெம்பி இறுக்கும் பட்டை இருக்கிறதல்லவா, கிட்டத்தட்ட அதே வகைப் பொருள் ஒன்று கையில் இருந்தது. அதைக் கதவின் கீழ்ப்பகுதியில் மாட்டி மஸ்கிரேவ் சிறிது சிறிதாக இறுக்கினார். எந்திரக் கையில் நின்ற ஹாஃப்மன் மேல்பகுதியைப் பார்த்துக்கொண்டார். மேலும் கீழும் ஒரே நேரத்தில் சேர்ந்தபோது தாழ்ப்பாள் விழுந்தது. அந்த விண்நடை 7 மணி 54 நிமிடம் நீண்டது. ஒருவரே மேலுக்கும் கீழுக்கும் மாறி மாறி ஓடினால் இந்தக் கதவு மூடாது.

அறிகுறி: போல்ட் அசையவில்லை

2009 மே 14. அட்லாண்டிஸ் விண்ணோடத்திலிருந்து வெளியே வந்த ஜான் கிரன்ஸ்ஃபெல்டும் ட்ரூ ஃபியூஸ்டலும் முதல் வேலையாக அகலப்புலக் கேமரா 2-ஐ எடுக்க வேண்டும். 1993-ல் வைத்தது, பதினைந்து ஆண்டுக்கு மேல் யாரும் தொடாதது. அதைப் பிடித்திருந்த ஒரு போல்ட் திரும்ப மறுத்தது.

அதிக விசை கொடுத்துப் போல்ட் உடைந்தால் பழைய கேமரா அங்கேயே சிக்கிக்கொள்ளும், புதியதைத் திரும்பக் கொண்டுபோக வேண்டியதுதான். அதனால்தான் கருவியில் முறுக்குவிசை வரம்புக் கட்டுப்பாடு இருக்கிறது: குறிப்பிட்ட விசைக்கு மேல் போனால் வழுக்கிக்கொள்ளும். வரிசையாக இப்படிப் போங்கள். முதலில் சாக்கெட் நேராக முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் வேறு வரம்புக் கட்டுப்பாட்டை மாற்றிப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் தரையோடு பேசி, கட்டுப்பாட்டையே எடுத்துவிட்டுக் கையால், மெதுவாக, போல்ட் என்ன செய்கிறது என்பதைக் கையில் உணர்ந்தபடி திருப்புங்கள். ஃபியூஸ்டல் கடைசியில் அப்படித்தான் திருப்பினார். போல்ட் இளகியது.

அறிகுறி: போல்ட் சுற்றுகிறது, ஆனால் கழலவில்லை

என்னைக் கேட்டால் ஹப்பிள் வரலாற்றில் மிகவும் மனதில் நிற்கும் வேலை இதுதான். அதனால் இங்கே கொஞ்சம் நிதானிக்கிறேன்.

நோயாளி ஸ்டிஸ் என்ற நிறமாலைக் கருவி. 2004 ஆகஸ்டில் அதன் மின்வழங்கி நின்றுபோனது. இன்னொரு பக்கச் சுற்று 2001-லேயே போய்விட்டதால் மாறிக்கொள்ள வழியில்லை. உள்ளே ஒரே ஒரு மின்சுற்று அட்டையை மாற்றினால் உயிர் வந்துவிடும். ஆனால் இந்தக் கருவியை விண்வெளியில் திறப்பார்கள் என்று அதைக் கட்டியவர்கள் நினைக்கவே இல்லை. அட்டையை மூடிய தகட்டில் 111 சின்ன ஸ்குருக்கள். பலூன்போல் உப்பிய கையுறையோடு அவற்றை எடுக்க வேண்டும், ஒன்றுகூட மிதந்து போகக் கூடாது.

அதற்கு ஓர் அழகான வழி கண்டுபிடித்தார்கள். துளைகள் போட்ட ஒளிபுகும் தகடு ஒன்றை மூடியின் மேல் பொருத்துவது. ஒவ்வொரு துளையும் ஒரு ஸ்குருவுக்கு நேராக இருக்கும். திருப்பும் கருவியின் முனை உள்ளே போகும் அளவு, ஸ்குருவின் தலை வெளியே வர முடியாத அளவு. கழன்ற ஸ்குரு தகட்டுக்குள்ளேயே கிடக்கும்.

அந்தத் தகட்டைப் பொருத்த, குறுக்கே இருந்த ஒரு கைப்பிடியை எடுக்க வேண்டும். அதில் நான்கு போல்ட். பயிற்சியில் யாரும் கவலைப்படாத பகுதி அது.

2009 மே 17, மைக் மாசிமினோவும் மைக்கேல் குட்டும். மூன்று போல்ட் வந்துவிட்டது. நான்காவது, கீழே வலப்பக்கம் இருந்தது, தலை தேய்ந்து வழுக்கிவிட்டது. கருவி சுற்றியது, போல்ட் அசையவில்லை. வீட்டில் பழைய மின்விசிறியையோ மிக்சியையோ கழற்றியவர்களுக்கு அந்த நொடி தெரியும்: எல்லா ஸ்குருவும் வந்த பிறகு ஒன்று மட்டும் தலை மழுங்கி நிற்கும்போது வயிற்றில் ஏதோ இறங்கும். மாசிமினோவுக்கோ பக்கத்தில் கடை கிடையாது. 111 ஸ்குருவுக்குத் தயாராகி வந்த ஆள் ஒரு கைப்பிடியில் நின்றுகொண்டிருந்தார்.

இங்கே வழிமுறை:

முதலில் நிறுத்துங்கள். மேலும் சுற்றினால் தலை இன்னும் தேயும்.

வேறு முனைகளைப் போட்டுப் பாருங்கள். அவர்களும் பார்த்தார்கள், பிடிக்கவில்லை.

தரையில் இருப்பவர்களுக்கு நேரம் கொடுங்கள். மேரிலாந்தில் கோடார்ட் விண்வெளி மையத்தில் அதேபோன்ற கைப்பிடியை வைத்து, இழுத்தால் எவ்வளவு விசையில் உடையும் என்று சோதித்துப் பார்த்தார்கள். சுமார் 27 கிலோ இழுப்பு போதும் என்று தெரிந்தது.

உடைப்பதற்கு முன் டேப் சுற்றுங்கள். கைப்பிடி முறியும்போது தெறிக்கும் துணுக்கு கருவிக்குள் போகலாம், வீரரின் கையுறையைக் கிழிக்கலாம். டேப் துணுக்கைப் பிடித்துக்கொள்ளும்.

கால்களை நன்றாக ஊன்றி, மேல்பக்கத்தைப் பிடித்து உங்கள் பக்கம் இழுங்கள். இழுப்பு முடிந்ததும் உடனே நிற்க வேண்டும். வேகத்தில் பின்னால் போய் எதிலும் மோதக் கூடாது.

மாசிமினோ இழுத்தார். கைப்பிடி வந்துவிட்டது, உடைந்த துண்டு டேப்பிலேயே இருந்தது. அதோடு முடியவில்லை: சின்ன மின்திருகியின் பேட்டரி இறங்கிவிட, காற்றறைக்குப் போய் வேறு பேட்டரி எடுத்துவர வேண்டியிருந்தது. அப்புறம் 111 ஸ்குருக்கள் எந்தத் தகராறும் இல்லாமல் வந்தன. பழைய அட்டை வெளியே, புதிய அட்டை உள்ளே. மொத்தம் 8 மணி 2 நிமிடம். ஸ்டிஸ் ஐந்தாண்டுக்குப் பிறகு மறுபடி வேலை செய்தது.

அறிகுறி: மின்சாரம் பகிரும் பெட்டி தளர்கிறது, ஆனால் அதை அணைக்க வழியில்லை

ஹப்பிளின் மின்கட்டுப்பாட்டுப் பெட்டி 1990-லிருந்து ஓடியது. விண்வெளியில் மாற்றும்படி அதை வடிவமைக்கவில்லை. மாற்ற வேண்டுமானால் தொலைநோக்கி முழுவதையும் அணைக்க வேண்டும். ஏவிய நாளிலிருந்து பன்னிரண்டு ஆண்டு ஒருமுறைகூட அணைக்காத இயந்திரம், அணைத்தால் மறுபடி எழுமா? அதுதான் எல்லோர் மனதிலும் இருந்த கேள்வி.

2002 மார்ச் 6. ஆபத்து குளிரில் இருந்தது. சூடாக்கிகள் நின்றதும் கருவிகள் குளிர ஆரம்பிக்கும். முன்கூட்டியே சில இடங்களுக்கு வெப்பப் போர்வை போட்டார்கள். வெளியே கிளம்பும் நேரத்தில் கிரன்ஸ்ஃபெல்டின் உடையில் தண்ணீர் கசிந்தது. உடையின் மேல்பகுதியை மாற்றி, சுமார் இரண்டு மணி நேரத் தாமதத்தோடு அவரும் ரிச்சர்ட் லினஹனும் கிளம்பினார்கள்.

பெட்டியில் 36 கனெக்டர்கள். சுவரை ஒட்டியவை கண்ணுக்கே சரியாகத் தெரியாது. ஒன்றொன்றாகக் கழற்றி, புதிய பெட்டியை வைத்து, ஒன்றொன்றாக மாட்ட வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு மேல் ஹப்பிள் இருட்டில் இருந்தது. மாட்டி முடித்து மின்சாரம் கொடுத்தபோது எழுந்துகொண்டது. இந்த வேலையில் அவசரம் கூடாது, ஆனால் நேரமும் கிடையாது. அந்த இரண்டையும் சேர்த்துச் சமாளித்ததற்குக் காரணம், ஒவ்வொரு கனெக்டரையும் அதே வரிசையில், விண்நடைப் பயிற்சிக்கான தண்ணீர்த் தொட்டிக்குள் முன்பே பலமுறை மாட்டிப் பழகியிருந்ததுதான்.

சீக்கிரம் சொல்லிவிடக்கூடியவை

அகச்சிவப்புக் கேமரா குளிர்ச்சி இழந்துவிட்டதா? நிக்மாஸ் என்ற அந்தக் கேமராவைக் குளிர்வித்த உறைந்த நைட்ரஜன் 1999 ஜனவரியில் எதிர்பார்த்ததைவிட முன்பே தீர்ந்தது. மறுபடி ஐஸ் நிரப்ப முயல வேண்டாம். 2002-ல் நியான் வாயுவைச் சுற்றவிட்டுக் குளிர்விக்கும் இயந்திரத்தை இணைத்தார்கள்.

வெப்பப் போர்வை கிழிகிறதா? 1997-ல் போனவர்கள் கிழிசல்களைக் கண்டு, திட்டத்தில் இல்லாத ஐந்தாவது விண்நடையில் ஒட்டுப் போட்டார்கள்.

பேட்டரி சக்தி குறைகிறதா? ஆறு நிக்கல்-ஹைட்ரஜன் பேட்டரிகள் பதினெட்டு ஆண்டுக்கு மேல் உழைத்தன, 2009-ல்தான் மாற்றினார்கள்.

அறிகுறி: எந்த உதிரிக்கு மாறினாலும் அதே பிழை

2021 ஜூன் 13-ல் ஹப்பிளின் ஆய்வுக் கருவிகளை இயக்கும் கணினி நின்றது. முதல் சந்தேகம் நினைவகத்தின் மேல். மாற்று நினைவகத்துக்கு மாறினார்கள், அதே பிழை. மாற்றுக் கணினியைப் போட்டார்கள், அதே பிழை.

மாற்றி மாற்றிப் போட்டும் ஒரே பிழை வந்தால், மாற்றிக்கொண்டிருக்கும் பாகங்களைக் கொஞ்சம் மறந்துவிட்டு, அவற்றுக்கெல்லாம் பொதுவாக இருப்பதைத் தேடுங்கள். 1990-ல் இரண்டு கேமராக்களை ஒப்பிட்டுப் பார்த்த அதே யோசனைதான். இங்கே பொதுவாக இருந்தது, எல்லாவற்றுக்கும் சீரான மின்னழுத்தம் கொடுக்கும் மின்கட்டுப்பாட்டுச் சுற்று. ஜூலை 15-ல் மாற்று மின்சுற்றுக்கு மாறினார்கள். இரண்டு நாளில் ஆய்வு மறுபடி தொடங்கியது.

இதே வகைக் கோளாறு 2008 செப்டம்பரிலும் வந்தது; தரவுப் பெட்டியின் ஒரு பக்கம் செத்தது, விண்ணோடம் கிளம்பச் சுமார் இரண்டு வாரமே இருந்தபோது. பயணத்தைத் தள்ளிவைத்து, தரையிலிருந்த உதிரிப் பெட்டியைச் சோதித்து, 2009 மே மாதம் அதையும் எடுத்துப் போனார்கள். ஒரு மாதம் கழித்துச் செத்திருந்தால் அதை மாற்ற ஆளே போயிருக்க முடியாது.

அறிகுறி: பழுது தெரிகிறது, மேலே போக வண்டி இல்லை

விண்ணோடங்கள் 2011-ல் ஓய்வு பெற்றன. 2009-ல் போனவர்கள் ஹப்பிளின் அடியில் ஒரு வளையத்தைப் பொருத்திவிட்டு வந்தார்கள். வருங்காலத்தில் ஏதாவது ஒரு கலம் வந்து பிடித்துக்கொள்ள அது உதவும். அதுவரை எல்லாப் பழுதையும் தரையிலிருந்தே பார்க்க வேண்டும்.

2024-ல் அதுதான் நடந்தது. 2009-ல் வைத்த ஆறு கைரோக்களில் மூன்று போய்விட்டன. மிச்சத்தில் ஒன்று தப்பான எண்களைத் தந்து, மே மாதம் ஹப்பிளை மறுபடி சேஃப் மோடில் தள்ளியது. நல்ல நிலையில் இருந்தவை இரண்டு. இரண்டையும் ஒன்றாக ஓட்டித் தேய்ப்பதைவிட, ஒன்றை மட்டும் பயன்படுத்தி இன்னொன்றைக் கையிருப்பாக வைப்பது என்று ஜூனில் முடிவெடுத்தார்கள். குறையும் திசைத் தகவலைக் காந்தமானிகளும் சூரிய உணரிகளும் நட்சத்திரம் பார்க்கும் கருவிகளும் ஈடுகட்டுகின்றன.

இந்த முறைக்கு நீங்கள் மாறினால் ஆய்வு அட்டவணையை மாற்றி எழுதுங்கள். ஓர் இலக்கிலிருந்து இன்னோர் இலக்குக்குத் திரும்பிப் பூட்டிக்கொள்ள அதிக நேரம் பிடிக்கும். செயல்திறன் சுமார் 12 சதவீதம் குறையும். செவ்வாயைவிட அருகில் நகரும் பொருள்களைப் பின்தொடர முடியாது, அவற்றைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.